தலை உங்களோடதுதான், தம்பி

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயசு. ஈரோட்ல ஒரு ஜவுளிக் கடையில சூப்பர்வைசரா இருக்கேன். வீட்டுக்கும் கடைக்கும் ரெண்டரை கிலோமீட்டர்தான், பெரும்பாலும் சந்து வழியாவே போயிடுவேன். ரெண்டு மாசத்துல மூணு தடவை ஹெல்மெட் இல்லைன்னு ஆயிரம் ஆயிரமா மூவாயிரம் பைன் கட்டிட்டேன். நான் குடிச்சிட்டு ஓட்டல, சிக்னல் ஜம்ப் பண்ணல, யாரையும் இடிக்கல. விழுந்தா உடையப்போறது என் மண்டை, அதைப் பத்தி முடிவு பண்ண கவர்மென்ட் யாரு? சிகரெட் விக்க விடறாங்க, டாஸ்மாக் அவங்களே நடத்தறாங்க, ரோட்டுல குழி மூட மாட்டேங்கறாங்க, என் தலை மேல மட்டும் என்ன அக்கறை? சீக்கியர்களுக்கு விலக்கு இருக்கு, அமெரிக்காவுல பல மாநிலத்துல கட்டாயமே இல்லைன்றாங்க. இதைப் பேசினா என் மனைவி ரெண்டு நாளா முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கறா. யூகேஜி படிக்கற பொண்ணை முன்னாடி டேங்க் மேல உக்கார வச்சு நான்தான் ஸ்கூல்ல விடறேன், அதுக்கும் சண்டை. நான் கேட்டதுல என்ன தப்பு?
பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: தம்பி, கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. இதே கேள்வி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. ஆந்திராவுல ஹெல்மெட் கட்டாயம்னு விதி வந்தப்ப, இது என் சுதந்திரத்துல தலையிடறதுன்னு ஒருத்தர் வழக்குப் போட்டார், 1988ல தீர்ப்பு வந்தது, உயிரைக் காப்பாத்தறதுக்கான விதி சுதந்திரத்தைப் பறிக்கறது ஆகாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல நீதிபதி என். கிருபாகரன் போட்ட உத்தரவால 2015 ஜூலை 1ல இருந்து கண்டிப்பா போடணும்னு ஆனதும், அந்த வாரம் ஹெல்மெட் கடைகள்ல நின்ன கூட்டமும் உங்களுக்கே ஞாபகம் இருக்கும். ஆனா கோர்ட் சொல்லிடுச்சுன்னு நான் உங்க வாயை அடைக்க விரும்பல, சட்டம் சரின்னு தீர்ப்பு வந்துட்டா மனசு ஒத்துக்கணும்னு இல்லையே.

உங்க கோவத்துல பாதி நியாயம், அதை முதல்ல சொல்லிடறேன். 100 ரூபாயா இருந்த பைனை 2022 அக்டோபர்ல ஒரேயடியா 1000 ஆக்கினாங்க, மாசச் சம்பளக்காரனுக்கு அது ஒரு வாரத்து மளிகை. வளைவுல மறைஞ்சு நின்னு திடீர்னு குறுக்க பாய்ஞ்சு ஹேண்டில்பாரைப் பிடிக்கறது, சாவியைப் பிடுங்கறது, இதெல்லாம் பாதுகாப்பு இல்ல, அதுவே ஆபத்து. 2018 மார்ச்ல திருச்சி பக்கத்துல ஹெல்மெட் போடலைன்னு ஒரு வண்டியைத் துரத்திப்போன இன்ஸ்பெக்டர் எட்டி உதைச்சு, பின்னாடி உக்காந்திருந்த பொண்ணு விழுந்து இறந்தே போச்சு, அந்த இன்ஸ்பெக்டரைக் கைது பண்ணாங்க. தலையைக் காப்பாத்தத்தான் சட்டம்னு சொல்லிட்டு ஒரு உயிரை எடுத்த அந்தச் சம்பவத்தை இன்னைக்கும் என்னால ஜீரணிக்க முடியல. குழி விஷயமும் நீங்க சொல்றது சரி, டாஸ்மாக் விஷயமும் சரி. கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுங்க, கவுன்சிலரைப் பிடிச்சுக் கேளுங்க, விடாதீங்க. ஆனா தம்பி, அந்தக் குழியை அவங்க மூடற வரைக்கும் தினமும் அதைத் தாண்டிப் போறது நீங்கதான். அவங்க செய்யாத வேலைக்கு நீங்க ஏன் வெறும் தலையோட போய் நிக்கணும்?

சீக்கியர்களுக்கு டர்பன் அவங்க மதத்தோட அங்கம், அதை எடுத்துட்டு ஹெல்மெட் மாட்டுன்னு சொல்றது அவங்க நம்பிக்கையிலயே கை வைக்கறது, அதனாலதான் நம்ம சட்டத்துலயும் விலக்கு, இங்கிலாந்துலயும் 1976ல குடுத்தாங்க. நமக்கு இருக்கற காரணம் வேர்வை, முடி கொட்டும், கையில தூக்கிட்டு அலையணும். இதுவும் கஷ்டம்தான், ஆனா அதுவும் இதுவும் ஒண்ணு இல்ல. அமெரிக்கா விஷயமும் உண்மைதான், இல்லினாய், அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் மூணுலயும் பெரியவங்களுக்குக் கட்டாயமே கிடையாது, நியூ ஹாம்ப்ஷயர்ல வண்டி நம்பர் பிளேட்லயே சுதந்திரமா வாழு இல்லைன்னா செத்துப்போன்னு அவங்க மாநில வாசகம் இருக்கும். ஆனா புளோரிடாவுல 2000த்துல சட்டத்தைத் தளர்த்தினப்ப என்ன பண்ணாங்க தெரியுமா, 21 வயசுக்கு மேல இருந்தா ஹெல்மெட் இல்லாம ஓட்டலாம், ஆனா குறைஞ்சது பத்தாயிரம் டாலருக்கு மருத்துவச் செலவு இன்சூரன்ஸ் வச்சிருக்கணும்னாங்க. அதாவது தலை உன் இஷ்டம், ஆனா அடிபட்டா பில்லு யார் கட்டறதுன்னு அங்கயும் கேட்டுட்டுத்தான் விடறாங்க.

இப்ப உங்க லெட்டர்ல என்னை நிறுத்தின வரிக்கு வர்றேன். "விழுந்தா உடையப்போறது என் மண்டை." இதை எங்க வீட்ல ஒருத்தர் தினமும் சொல்லிட்டு இருந்தார், என் கொழுந்தனார்.

திண்டுக்கல்ல ஹார்டுவேர் கடை வச்சிருந்தார். ஆணி, பெயிண்ட், பைப்பு, எத்தனை அயிட்டம் வாங்கினாலும் கால்குலேட்டர் தொடாம மனசுலயே கூட்டிச் சொல்லுவார், பைசா பிசகாது. யாரும் அவருக்கு எதுவும் சொல்லக்கூடாது, சொன்னா வேணும்னே மாத்திச் செய்வார், அப்படி ஒரு சுபாவம். என் ஓரகத்தி வாங்கி வச்ச ஹெல்மெட் வாசல் ஆணியில தொங்கிட்டே இருக்கும். ஏழு வருஷம் முன்னாடி ஒரு சாயங்காலம் பொண்ணை டியூஷன்ல இருந்து கூட்டிட்டு வரக் கிளம்பினார், ரெண்டு தெரு தள்ளித்தான். யாரோ வீடு கட்டறதுக்குத் திருப்பத்துல எம்சாண்ட் கொட்டி வச்சிருந்தாங்க, அது ரோடு பூரா பரவிக் கிடந்துச்சு, வண்டி வழுக்கி விழுந்தார். எதிர்ல ஒரு வண்டியும் வரல, வேகமும் இல்ல. அவரே எழுந்து உக்காந்து, ஒண்ணுமில்லப்பான்னு சட்டையைத் தட்டிட்டு, பக்கத்துக் கடையில சோடா வாங்கிக் குடிச்சிருக்கார். ரத்தம் கூட வரல. வீட்டுக்கு நடந்து வந்தார், அரை மணி நேரத்துல வாந்தி, அப்புறம் பேச்சு குழறுது, அப்புறம் கூப்பிட்டா கண்ணே திறக்கல. மண்டைக்குள்ள ரத்தம் கட்டி மூளையை அமுக்கிடுச்சு.

ஆபரேஷன்ல மண்டை ஓட்டுல ஒரு துண்டு எலும்பை எடுத்து, அது கெட்டுப்போகக் கூடாதுன்னு அவர் வயித்துத் தோலுக்கு அடியிலயே வச்சுத் தைச்சாங்க, வீக்கம் வடிஞ்சு மூணு மாசம் கழிச்சு எடுத்துத் திரும்ப தலையில பொருத்தினாங்க. அந்த மூணு மாசமும் தலையில அந்தப் பக்கம் குழியா இருக்கும், என் ஓரகத்தி அவரைத் தூங்க வைக்கறப்ப அந்தப் பக்கம் சாயாம இருக்கத் தலையணையை முட்டுக்குடுத்துட்டு விடிய விடிய உக்காந்திருப்பா. நகை போச்சு, கடைச் சரக்கு போச்சு, ஊர்ல இருந்த அரை ஏக்கரும் போச்சு.

அவர் இப்ப நல்லாத்தான் இருக்கார், நடக்கறார், சாப்பிடறார், பாக்கறவங்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆனா சாப்பிட்டு கை கழுவிட்டு வந்து "நான் சாப்டேனா"ன்னு கேப்பார். சட்டைப் பித்தானை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுட்டு, சரி பண்ணப் போனா கையைத் தட்டி விடுவார், அப்புறம் அழுவார். கூட்டல் சுத்தமா போயிடுச்சு. கடையை மச்சினன் பாத்துக்கறார், இவருக்கு டீ குடிக்கப் பத்து ரூபா பொண்டாட்டி குடுத்தாத்தான், அதுவும் தனியா அனுப்பறது இல்ல, வழி மறந்துடும். பேங்க்ல ஆஸ்பத்திரியில எங்கயும் அவருக்குப் பதிலா அவதான் கையெழுத்து.

தம்பி, யாரும் எனக்குச் சொல்லக்கூடாதுன்னு இருந்த மனுஷன் அவர். இன்னைக்கு எந்தச் சட்டை போடறதுன்னு கூட இன்னொருத்தர்தான் முடிவு பண்றாங்க. நீங்க "என் இஷ்டம்"னு சொல்றீங்களே, அந்த இஷ்டம் உக்காந்திருக்கற இடமே அந்த மண்டைக்குள்ளதான். கை கால் முறிஞ்சா கட்டுப் போட்டுட்டு அப்பவும் நீங்க நீங்களாவே இருந்து கவர்மென்ட்டைத் திட்டலாம். இது போச்சுன்னா திட்டறதுக்கு அந்த ஆளே இருக்க மாட்டார், உடம்பு மட்டும் இருக்கும், உங்க மனைவி அதைப் பாத்துக்குவாங்க. செத்துட்டா என் நஷ்டம்னு நினைக்கறீங்க, உங்க மனைவி பயப்படறது நீங்க சாகறதுக்கு மட்டும் இல்லைன்னு எனக்குத் தோணுது.

ரெண்டரை கிலோமீட்டர்தான், மெதுவாத்தான் போறேன்னு நீங்க சொல்றதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. வண்டியில உக்காந்திருக்கற ஆளோட தலை தரையில இருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரம். வண்டி நகரவே இல்லைன்னு வச்சுக்கங்க, அந்த உயரத்துல இருந்து தலை நேரா வந்து தார்ல மோதினா அப்பவே மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் கிட்ட வந்துடும். மண்டை ஓடு சட்டுனு நின்னுடும், உள்ள மூளை நிக்காது, அது போய் எலும்புல மோதும். ஹெல்மெட்டுக்குள்ள தெர்மாகோல் மாதிரி ஒரு லேயர் இருக்குல்ல, அது நசுங்கறதுக்குன்னே வச்சது, அது நசுங்கற அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துலதான் தலை கொஞ்சம் மெதுவா நிக்குது. அவ்ளோதான் அதோட வேலை, அந்த அவ்ளோல்லதான் என் கொழுந்தனாரோட கணக்கு, கடை, கோவம் எல்லாம் இருந்துச்சு.

இதை முதல்ல போலீஸ் ஒண்ணும் யோசிக்கல, ஒரு டாக்டர்தான் யோசிச்சார். 1935 மே மாசம் இங்கிலாந்துல, லாரன்ஸ் ஆஃப் அரேபியான்னு உலகமே சொன்ன டி.இ. லாரன்ஸ், சைக்கிள்ல வந்த ரெண்டு பசங்க மேல மோதாம இருக்கத் திருப்பி பைக்ல இருந்து விழுந்து, ஆறு நாள் நினைவில்லாம கிடந்து இறந்துட்டார். அவரைப் பாத்த டாக்டர்கள்ல ஹ்யூ கெய்ர்ன்ஸ்னு ஒரு மூளை அறுவை நிபுணர் இருந்தார், அவர் அதோட விடாம பைக் விபத்துல வர்ற தலைக்காயங்களை வருஷக்கணக்கா எடுத்து எழுதினார், 1941ல பிரிட்டிஷ் ராணுவம் பைக் ஓட்டற சிப்பாய்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயம் ஆக்குச்சு. பொதுமக்களுக்குச் சட்டம் வந்தது 1973ல. பல ஆய்வுகளைச் சேத்து 2008ல பாத்தப்ப, ஹெல்மெட் போட்டா சாவு 42 சதவீதமும் தலைக்காயம் 69 சதவீதமும் குறையுதுன்னு வந்துச்சு. போட்டா சாகவே மாட்டோம்னு இல்ல, லாரி ஏறினா ஹெல்மெட் ஒண்ணும் பண்ணாது, ஆனா நம்ம தெருவுல விழற மாதிரி விழறதுக்குத்தான் அது. மத்திய அரசு கணக்குல 2022ல மட்டும் நாடு பூரா ஹெல்மெட் போடாம இறந்தவங்க 50,029 பேர், அதுல 14,337 பேர் பின்னாடி உக்காந்திருந்தவங்க.

இப்ப உங்க பொண்ணு. இந்த ஒரு இடத்துல மட்டும் நான் உங்ககிட்ட விட்டுக்குடுக்க மாட்டேன். "என் தலை என் உரிமை"ங்கறது அந்தப் பிள்ளையை டேங்க் மேல தூக்கி வைக்கறப்பவே முடிஞ்சு போச்சு, அது அவ தலை, அவகிட்ட யாரும் கேக்கல, அவளுக்குக் கேக்கவும் தெரியாது. சடன் பிரேக் அடிச்சா அவ முகம் நேரா ஹேண்டில்பார்ல போய் மோதும், உங்க உடம்போட எடையும் பின்னாடி இருந்து அவ மேலதான் வரும். நாலு வயசுக்கு மேல எல்லாருக்கும் ஹெல்மெட் வேணும்னு 2019 திருத்தத்துல இருந்தே சட்டம், அதுக்குக் கீழ இருக்கற குழந்தைகளுக்கு உடம்போட கட்டற பெல்ட்டும் 40 கிலோமீட்டருக்குள்ள வேகமும்னு தனி விதியும் வந்தாச்சு. நாளைக்கே டேங்க் மேல வைக்கறதை நிறுத்துங்க. பின்னாடி உக்கார வச்சு, நடுவுல பெல்ட் போட்டு, அவ சைஸுக்கு ஹெல்மெட் வாங்கிப் போட்டுக் கூட்டிட்டுப் போங்க, அது முடியாத அன்னைக்கு ஆட்டோ.

வாங்கறதைப் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா பைனுக்குப் பயந்து ரோட்டோரத்துல நூத்தம்பது ரூபாய்க்கு வாங்கற சட்டி ஹெல்மெட் போலீஸ்கிட்ட இருந்துதான் காப்பாத்தும், தார் ரோட்டுகிட்ட இருந்து காப்பாத்தாது. ஐஎஸ்ஐ முத்திரை, பக்கத்துலயே ஐஎஸ் 4151னு நம்பர் பாருங்க, அது இல்லாததை விக்கறதே 2021 ஜூன்ல இருந்து தப்பு. நீங்க ஒரு தடவை கட்டற ஆயிரம் ரூபா பைன் காசுக்கே நல்லது கிடைக்கும். தலையில மாட்டிட்டு ஆட்டிப் பாருங்க, ஹெல்மெட் தனியா சுத்தக் கூடாது, கன்னம் லேசா அமுங்கணும். தாடைக்குக் கீழ கிளிப் போடாம சும்மா கவுத்துட்டுப் போறவங்களை தினமும் பாக்கறேன், விழறப்ப தரையைத் தொடறதுக்கு முன்னாடியே அது கழண்டு போயிடும். ஒரு தடவை பலமா அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுடுங்க, உள்ள நசுங்கினது திரும்ப எழாது. வேர்வைக்கு மெல்லிசான பருத்தித் துணி ஒண்ணு உள்ள கட்டிக்கங்க, வாரம் ஒரு தடவை உள் துணியைத் துவைச்சுக் காய வைங்க, முடி பிரச்சினை பாதி குறையும்.

மூணு வாங்குங்க, பின்னாடி உக்கார்ற உங்க மனைவிக்கும் அதே சட்டம்தான். சைஸ் போன்ல கேட்டெல்லாம் வாங்க முடியாது, அவங்கவங்க தலையில போட்டுப் பாத்துத்தான் எடுக்கணும், அதனால இந்த ஞாயித்துக்கிழமை அவங்ககிட்ட நீங்களே போய்ப் பேசி மூணு பேருமா கடைக்குக் கிளம்புங்க. போகும்போது பஸ்ல போங்க.