பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சாட்சி சொல்வது எப்படி?

கேள்வி: பாபநாசம் பக்கம் எங்கள் கிராமம். வரப்புத் தகராறில் ஐந்து வருடம் பேசாமல் இருந்த கொழுந்தனார் வீட்டுக்குப் போன வருடம் நானே போய்ப் பேசினேன். ஜெபிக்க ஆரம்பித்த பிறகுதான் அது முடிந்தது. நடவுக்குச் சேர்ந்து போகும் பக்கத்து வீட்டு அக்கா, "எப்படிடி உனக்கு மனசு வந்துச்சு?" என்று கேட்கிறார். பெரிய அற்புதம் எதுவும் எனக்கு நடக்கவில்லை, வேத அறிவும் குறைவு. இதற்கிடையில் ஒருவர் மூவாயிரம் ரூபாய் தந்தால் என் சாட்சியை, அதாவது ஜெபத்தால் என் வாழ்க்கையில் நடந்ததை, வீடியோ எடுத்துப் போடுவதாகச் சொல்கிறார். சர்க்கரை குறைந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமாம். என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, அக்காவிடம் சொல்லுங்கள். வீடியோ வேண்டாம்.

வரப்புச் சண்டை நம் பக்கத்தில் எத்தனை தலைமுறை ஓடும் என்று அந்த அக்காவுக்குத் தெரியும். நீங்கள் கொழுந்தனார் வாசற்படி ஏறியதும் ஊருக்குத் தெரிந்த விஷயம். எங்கோ நடந்த அற்புதத்தை அவரால் சரிபார்க்க முடியாது, இதை முடியும். மாற்கு 5-இல் அசுத்த ஆவி நீங்கிய மனிதன் கூடவே வருகிறேன் என்று கெஞ்சியும், இயேசு அவனை அவன் வீட்டாரிடம்தான் அனுப்பினார். அவன் முன்பு இருந்த கோலத்தைக் கண்டவர்கள் அங்கேதான் இருந்தார்கள். வேத அறிவு பற்றிய கவலைக்கு யோவான் 9-ஐப் படியுங்கள். பார்வை பெற்றவன் தனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னான், மற்றதைத் தெரியாது என்றான்.

நோட்டில் ஒரு பக்கம், முந்நூறு சொல்லுக்குள் எழுதிப் பாருங்கள். சொல்ல மூன்று நிமிடம் ஆகும். அப்போஸ்தலர் 26-இல் பவுல் பேசிய வரிசையே போதும்: முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன். கெடுவது பெரும்பாலும் முதல் பகுதியில்தான். கொழுந்தனார் எத்தனை அடி வெட்டினார், ஓரகத்தி என்ன சொன்னாள் என்று போனால் அது புறணி. சாயங்காலத்துக்குள் அவர் காதுக்குப் போய், சேர்ந்த உறவு மறுபடி முறியும். உங்கள் கோபத்தை மட்டும் நாலு வரியில் சொல்லுங்கள். பாதி நேரம் நடுப்பகுதிக்கு: என்ன ஜெபித்தீர்கள், எந்த வசனம் உறுத்தியது, எந்த நாளில் கிளம்பிப் போனீர்கள். கடைசிப் பகுதியில் குறையையும் சொல்லுங்கள். தண்ணீர் திறந்துவிடும் நாளில் இன்னும் கோபம் வருகிறதென்றால், வருகிறது என்றே சொல்லுங்கள்.

"இரட்சிக்கப்பட்டேன்", "கட்டுகள் அறுந்தன", "அபிஷேகம்" எல்லாம் சபைக்குள் புழங்கும் சொற்கள், அக்காவுக்குப் புரியாது. அவர் கும்பிடும் சாமியைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். கைமாற்றோ அரிசியோ கொடுக்கிற நாளில் சாட்சியைச் சேர்க்காதீர்கள்.

இனி சர்க்கரை. இதில் மட்டும் நான் கண்டிப்பாக இருக்கிறேன். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ஜெபித்திருந்தால் இரண்டையும் சொல்ல வேண்டும், மாத்திரையை மறைப்பது பொய்ச்சாட்சி. ஒரு நாள் காலையில் வெறும் வயிற்றில் எடுத்த அளவு குறைந்திருப்பது குணமான அடையாளம் அல்ல. ஹெச்பிஏ1சி சோதனைதான் ஏறக்குறைய மூன்று மாத சராசரியைக் காட்டும். அதுவும் மாத்திரையால் குறைந்திருக்கலாம். நிறுத்துவதா, குறைப்பதா என்பது டாக்டர் பேச்சு. நீங்கள் "குணமானேன்" என்று சொன்னதைக் கேட்டு இன்னொருத்தி மருந்தை நிறுத்தி, கால் புண்ணோடு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்தால் யார் பொறுப்பு? சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக மருந்தையோ மந்திரத்தையோ விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சுகம் உண்மையாகவே கிடைத்தவர்கள் இருக்கலாம். அவர்களும் டாக்டர் சீட்டோடு, மருந்தை நிறுத்தச் சொன்னது யார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சாட்சிக்குப் பணம் கேட்பவர் ஊழியர் அல்ல, வியாபாரி. கண்ணீர் விடும் இடத்தை வெட்டி முகப்பில் வைப்பார்கள், "கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்க" என்பார்கள், கீழே காணிக்கைக்குக் க்யூஆர் கோடு போடுவார்கள். ஒருமுறை ஏறிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. அதில் உங்கள் கொழுந்தனாரும் இருக்கிறார். அவர் சம்மதித்தாரா?

இந்தத் தரகர்கள் வளர்ந்ததற்கு நம் சபைகளும் காரணம். கன்வென்ஷனுக்கு வெளியூரிலிருந்து சாட்சிக்காரரை வரவழைக்கப் பந்தல், மைக், போஸ்டர் எல்லாவற்றுக்கும் பணம் இருக்கிறது. உள்ளூர்ப் பெண்களுக்குச் சாட்சி சொல்லக் கற்றுக்கொடுக்க ஒரு சனிக்கிழமை கிடைப்பதில்லை. அறிவிப்புக்கும் காணிக்கைப் பாட்டுக்கும் நடுவே இரண்டு நிமிடம் ஒதுக்கினால் கடமை முடிந்ததாம். 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியபோது தமிழ் அவருக்குத் தெரியாது, கற்றுக்கொண்டார். 1733-இல் அங்கே குருப்பட்டம் பெற்று மாயவரம் பக்கம் ஊழியம் செய்த ஆரோன் தமிழர். இந்த மண்ணில் சுவிசேஷம் ஊர்க்காரர் வாயால் நடந்தது. கமிட்டிகளுக்கு இது ஏன் மறந்துபோனது என்று எனக்கு விளங்கவில்லை.

நடவு வயலில் பத்துப் பேர் நடுவே ஆரம்பிக்காதீர்கள். திரும்பி வரும் வழியில், அக்கா தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். முடித்ததும் "நீயும் சபைக்கு வா" என்று இழுக்க வேண்டாம். "உங்களுக்காக எதற்கு ஜெபிக்கட்டும்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் பேச்சை மாற்றினால் நீங்களும் நாற்றைப் பற்றியே பேசிக்கொண்டு வீடு போய்ச் சேருங்கள்.