லாரி தனியாருடையது, கணக்கு பஞ்சாயத்துடையது

கேள்வி: கோடையில் எங்கள் வார்டுக்குக் குடிநீர் லாரி பஞ்சாயத்து ஒப்பந்தத்தில் ஓடுகிறது. எத்தனை நடை வந்தது என்று கேட்டால் ஒப்பந்ததாரரைக் கேட்கச் சொல்கிறார்கள். அவரோ தகவல் உரிமைச் சட்டம் தமக்குப் பொருந்தாது என்கிறார். யாரைக் கேட்பது? (வாசகர், சித்தூர் தாலுகா, பாலக்காடு)

பதில்: பஞ்சாயத்தைத்தான். ஒப்பந்ததாரர் சொல்வது சரியாகவே இருக்கலாம்; ஆனால் வேலையை ஒப்படைத்ததால் கணக்குக் காட்டும் கடமை கைமாறிவிடாது. அலுவலகத்தின் கையிலோ கட்டுப்பாட்டிலோ உள்ள பதிவுகள் மட்டுமன்றி, வேறொரு சட்டத்தின்படி அது தனியாரிடமிருந்து கேட்டுப் பெறக்கூடிய தகவலும் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் வரம்புக்குள் வரும். கேரளத்தின் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில், 2013இல், அரசுக்குச் சொந்தமாகவோ அதன் கட்டுப்பாட்டிலோ கணிசமான நிதியுதவியிலோ இல்லாத கூட்டுறவுச் சங்கம் அச்சட்டத்துக்கு நேரடியாகக் கட்டுப்பட்டதல்ல என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே, கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் சட்டப்படி அவற்றிடமிருந்து பெறக்கூடிய தகவலை அவரிடம் கேட்கலாம் என்றும் கூறியது.

‘ஏன் தண்ணீர் வரவில்லை’ என்று மனுவில் எழுதாதீர்கள், பதிவுகளைக் கேளுங்கள். ஒப்பந்தம், பில், பில்லோடு இணைத்த டிரிப் ஷீட் (லாரியின் ஒவ்வொரு நடையையும் குறிக்கும் தாள்) ஆகியவற்றைத் தேதி குறிப்பிட்டுக் கேட்டால், 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும். மூலப் பதிவை நேரில் பார்வையிடவும் உரிமை உண்டு. அதை விட்டுவிட வேண்டாம். ஒரு மாதத்துக் கையெழுத்துகள் அன்றன்று போட்டவையா, ஒரே பேனாவில் ஒரே மூச்சில் போட்டவையா என்பது டிரிப் ஷீட் கட்டைக் கையில் எடுத்துப் புரட்டினால் தெரியும். ஜெராக்ஸ் நகலில் தெரியாது.

கேள்வி: ஒப்பந்த நகலை ‘வணிக ரகசியம்’ என்று மறுத்துவிட்டார்கள்.

பதில்: டெண்டர் முடிவாகும் வரை போட்டியாளர்களின் விலையைக் காப்பது நியாயம். முடிவான பின்பு, மக்கள் பணத்தில் ஒரு நடைக்கு என்ன கொடுக்கிறோம் என்பதை ரகசியம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒப்பந்ததாரர் ஆட்சேபம் தெரிவிக்க 10 நாள் அவகாசம் உண்டு. முடிவு, தகவல் மனுக்களுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலருடையதே. 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். உண்மையிலேயே காக்க வேண்டிய பகுதி இருந்தால் அதை மட்டும் நீக்கி மற்றதைத் தரலாம் என்னும், தகவல் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவையும் அதில் குறிப்பிடுங்கள்.

கேள்வி: சான்றிதழுக்கு அக்ஷயா மையத்தில் (கேரள அரசுத் திட்டத்தில் இயங்கும் இணையச் சேவை மையம்) கூடுதல் கட்டணம் வாங்குகிறார்கள். தமிழில் புகார் எழுதலாமா?

பதில்: எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழர்கள் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்கிறது. மையத்தை நடத்துபவர் தனியார் என்றாலும் சேவைக் கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு. ரசீது தர மறுத்தால், தேதி, நேரம், கொடுத்த தொகை மூன்றையும் அன்றே குறித்துவைத்துப் புகாரில் சேருங்கள்.