13 முறை தோற்றவரை ஏன் பெரிய ஆள் என்கிறார்கள்?

கேள்வி: ஆறு மாதமாகப் பழைய பாக்ஸிங் சண்டைகளை போனில் பார்த்துவருகிறேன். ஒருவரைப் பிடித்துவிட்டால் உடனே அவருடைய வெற்றி தோல்விக் கணக்கைத் தேடுவேன். மெக்சிகோவின் ஹோசே லூயிஸ் காஸ்டியோவுக்கு 66 வெற்றி, 13 தோல்வி, 1 டிரா என்று வருகிறது. அமெரிக்காவின் ஃபிளாய்ட் மேவெதருக்கு 50-0, ஒரு தோல்விகூட இல்லை. "பதிமூணு தடவ தோத்தவன் என்ன சாம்பியன்?" என்கிறான் தம்பி. இந்தக் கணக்கை எப்படிப் படிப்பது? காஸ்டியோவின் சண்டைகளில் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: அந்தப் பதிமூன்றும் எந்தெந்த வருஷத்தில் வந்தவை என்று தம்பியிடம் கேளுங்கள். மொத்த எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு பாக்ஸரை எடைபோட்டால் பெரும்பாலும் ஏமாந்துதான் போவோம்.

காஸ்டியோ மெக்சிகோவின் வடமேற்கில் சொனோரா மாநிலத்துக்காரர். 1990-ல் தொழில்முறை வளையத்துக்குள் வந்தபோது வயது 16. கடைசியாகச் சண்டை போட்டது 2014-ல். இடைப்பட்ட காலத்தில் 80 சண்டைகள். மெக்சிகோவில் ஒரு பையன் பயிற்சிக்கூடத்தில் பத்து வருஷம் பாதுகாப்பாக வளர்ந்துவிட்டு அரங்கத்துக்கு வருவதில்லை. சம்பளத்துக்குச் சண்டை போட்டபடியேதான் தொழிலைக் கற்றுக்கொள்கிறான். அந்தப் படிப்புக்குக் கட்டிய ஃபீஸ்தான் ஆரம்பகாலத் தோல்விகள். கடைசி ஏழெட்டு வருஷத்தில் வந்தவை, உடம்பு போன பிறகும் விட மனசில்லாமல் ஆடியதன் பலன். இரண்டையும் ஒதுக்கிவிட்டு நடுவில் பாருங்கள்.

2000 ஜூனில், பெரும்பாலோருக்குப் பெயர்கூடத் தெரியாத காஸ்டியோ, ஸ்டீவி ஜான்ஸ்டனிடமிருந்து லைட்வெயிட் எடைப்பிரிவின் டபிள்யூபிசி பட்டத்தைப் பறித்தார் (டபிள்யூபிசி, டபிள்யூபிஓ எல்லாம் உலகப் பட்டம் தரும் அமைப்புகள்). அதுவரை மெக்சிகோவின் பெரிய பாக்ஸர் ஹூலியோ சேசர் சாவேஸுக்குப் பயிற்சியில் ஈடுகொடுக்கும் ஸ்பாரிங் ஆள் என்றுதான் அவரைச் சொல்வார்கள். அன்றிலிருந்து 2005 முடியும்வரை, அதாவது அவருடைய உச்சகாலம் முழுவதிலும், தோல்வி மூன்றுதான். இரண்டு மேவெதரிடம், ஒன்று டியேகோ கொராலெஸிடம். உங்கள் கேள்விக்குப் பதில் இந்த மூன்றில்தான் இருக்கிறது.

முதல் மேவெதர் சண்டை 2002 ஏப்ரல் 20-ல், லாஸ் வேகஸில். வெளியே உட்கார்ந்து புள்ளி போடும் மூன்று நடுவர்களும் மேவெதருக்கே கொடுத்தார்கள்: இருவர் 115-111, ஒருவர் 116-111. இந்த எண்களைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். ஒரு ரவுண்டை ஜெயித்தவருக்கு 10 புள்ளி, தோற்றவருக்குப் பொதுவாக 9. பன்னிரண்டில் எட்டை மேவெதருக்குக் கொடுத்தால் 80, மீதி நான்குக்கு 36, மொத்தம் 116. முழங்கையை வைத்ததற்காக அவருக்கு ஒரு புள்ளி குறைத்தார்கள், 115. காஸ்டியோவுக்கு 40-ம் 72-ம் சேர்ந்து 112. விலக்கிவிட்ட பிறகும் குத்தியதற்காக அவருக்கும் ஒன்று போனது; 111. ஆக, 115-111 என்றால் எட்டுக்கு நாலு.

சண்டையைப் பார்த்தவர்களில் பலருக்கு அந்த எட்டுக்கு நாலுதான் தொண்டையில் சிக்கியது. தொலைக்காட்சியில் உட்கார்ந்து தனிக்கணக்குப் போட்ட ஹெரால்ட் லெடர்மேன் அதே 115-111-ஐக் காஸ்டியோவுக்குக் கொடுத்தார்! விழுந்த குத்துகளை எண்ணியவர்கள் கணக்கிலும் காஸ்டியோவுக்குத்தான் அதிகம். டிசம்பரில் மறுபடி மோதினார்கள். மேவெதர் இந்தத் தடவை தள்ளி நின்று, நகர்ந்து, தெளிவாகவே ஜெயித்தார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் அந்த 50-0-ல் கொஞ்சம் ஆட்டம் கண்ட செங்கல் ஒன்று உண்டென்றால் அது முதல் சண்டைதான்.

அடுத்தது கொராலெஸ். 2005 மே 7, மாண்டலே பே அரங்கம். காஸ்டியோ கையில் டபிள்யூபிசி பட்டம், கொராலெஸ் கையில் டபிள்யூபிஓ பட்டம். கொராலெஸ் உயரமான ஆள், கை நீளம். எட்டி நின்று ஆட வேண்டியவர், காஸ்டியோவின் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி நின்றார். ஒன்பது ரவுண்டு இருவரும் நெற்றி முட்ட நின்று விலாவிலும் தாடையிலும் மாறி மாறிக் குத்திக்கொண்டார்கள். பத்தாவது ரவுண்டை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். காஸ்டியோவின் இடதுகைக் கொக்கிக் குத்தில் கொராலெஸ் விழுகிறார், வாய்க்கவசம் வெளியே வருகிறது. எழுந்தவர் சற்று நேரத்தில் மறுபடி விழுகிறார், மறுபடி வாய்க்கவசம் வெளியே. வளையத்துக்குள் நிற்கும் நடுவர் டோனி வீக்ஸ் இந்தத் தடவை ஒரு புள்ளியைக் குறைத்துவிட்டு, மூலைக்கு அனுப்பிக் கழுவிப் போட்டுவரச் சொல்கிறார். அந்தச் சில விநாடிகளில் கொராலெஸுக்கு மூச்சு வந்துவிட்டது. திரும்பி வந்து ஒரு வலதுகைக் குத்து. அது சரியாக இறங்கியதும் காஸ்டியோ கயிற்றில் சாய்கிறார், கை தொங்குகிறது, சண்டையை நிறுத்திவிட்டார்கள். அந்த ரவுண்டில் 2 நிமிடம் 6 விநாடி ஆகியிருந்தது. காஸ்டியோ தரப்பு இன்றைக்கும் அந்த வாய்க்கவச விநாடிகளைச் சொல்லிப் புலம்பலாம், நியாயம் உண்டு. கணக்கில் இது வெறும் ஒரு 'தோல்வி'.

இதுவரை காஸ்டியோவின் வக்கீலாகப் பேசிவிட்டேன். கணக்கில் வராத அவருடைய குற்றத்தையும் சொல்ல வேண்டும்.

லைட்வெயிட்டின் உச்சவரம்பு 135 பவுண்டு, நம் கணக்கில் 61.2 கிலோ. எடை பார்ப்பது சண்டைக்கு முந்தின நாள். கடைசி சில நாளில் வியர்வையாகவும் பட்டினியாகவும் உடம்பைப் பிழிந்து இறக்கித் தராசில் காட்டிவிட்டு, இரவெல்லாம் தண்ணீரும் சாப்பாடுமாக ஏற்றிக்கொள்வார்கள். பிழிந்தவன் உடம்பு அதற்குள் முழுதாகத் தேறுவதில்லை. பாதியிலேயே பிழிவதை நிறுத்தியவனுக்கு அந்த வேதனை இல்லை, வலுவும் மிச்சம். வரம்பை மீறியது மூன்றரை பவுண்டுதானே, ஒன்றரை கிலோதானே என்று தோன்றும். அது கறியின் எடையல்ல, பிழிந்தெடுக்காமல் விட்ட தண்ணீர்.

2005 அக்டோபரில் இருவரும் மறுபடி மோத வந்தார்கள். காஸ்டியோ தராசில் 138.5. அதைவிடக் கேவலம், அவர் தரப்பு ஆள் ஒருவர் தராசுக்கு அடியில் காலைக் கொடுத்துத் தாங்கியதாக அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். பட்டம் இல்லை என்ற ஒப்பந்தத்தில் சண்டை நடந்தது. நான்காவது ரவுண்டில் கொராலெஸ் நாக் அவுட். உங்கள் பட்டியலில் இது பளபளக்கும் ஒரு வெற்றி! 2006 ஜூனில் மூன்றாவது சண்டை. இந்தத் தடவை 139.5. கொராலெஸ் வளையத்துக்குள் ஏற மறுத்தார். அது நடக்கவே இல்லை, அதனால் வெற்றியிலும் இல்லை, தோல்வியிலும் இல்லை. பிரிவு மாறி 140 பவுண்டுக்குப் போன பிறகும் தராசு அவரை விடவில்லை. 2008-ல் டிமோதி பிராட்லியுடன் நடக்கவேண்டிய சண்டை இதே காரணத்தால் நின்றுபோனது. பதிமூன்று தோல்வியைவிட இந்த மூன்று நாட்கள்தான் காஸ்டியோ பெயரைக் கெடுத்தன என்பேன். (கொராலெஸும் யோக்கியராக முடியவில்லை. 2006 அக்டோபரில் அவரே எடை மீறிப் பட்டத்தைத் தராசில் விட்டார். 2007 மே 7-ல், முதல் சண்டை நடந்து சரியாக இரண்டு வருஷம் கழித்து, மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார்.)

ஆகவே யாருடைய கணக்கைப் பார்த்தாலும் தோல்விகளின் தேதியையும் எதிராளியின் பெயரையும் முதலில் பாருங்கள். தீர்ப்பில் முடிந்திருந்தால் நடுவர்களின் எண்களைத் தேடுங்கள். பிறகு எடை பார்த்த நாளின் எண். கடைசியதை யாரும் தேடுவதில்லை, தேடினால் பாதிக் கதை அங்கேதான் இருக்கும்.

பார்க்கும் வரிசை: முதலில் 2005 மே கொராலெஸ். பிறகு 2004 டிசம்பரில் ஹோயல் கசமாயோர். வேகமான இடதுகைக்காரரான அவரைக் காஸ்டியோ எப்படி மூலைக்குத் தள்ளுகிறார் என்று கால்களைக் கவனியுங்கள். 2007 ஜூனில் ரிக்கி ஹாட்டனிடம் நான்காவது ரவுண்டில் விழுந்ததையும் பாருங்கள். வாழ்நாளெல்லாம் எதிராளியின் விலாவில் குத்திப் பிழைத்தவர், ஒரே ஒரு விலாக்குத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதல் மேவெதர் சண்டையை மட்டும் தம்பியோடு சேர்ந்து பாருங்கள். வர்ணனை காதில் விழாமல் சத்தத்தை அணைத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு காகிதம், ரவுண்டு முடிந்ததும் 10-9 எழுதிக் கவிழ்த்துவைக்க வேண்டும். ஒருவர் மற்றவருடையதைப் பார்க்கக் கூடாது. நான் வெவ்வேறு வருஷங்களில் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். இரண்டு தடவை காஸ்டியோவுக்கு வந்தது, ஒரு தடவை மேவெதருக்கு. தம்பி காகிதத்தில் என்ன வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.