மனை பார்க்கக் குடையோடு போங்கள்
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: தக்கலை அருகே 12 சென்ட் விளை (தோட்ட நிலம்) வாங்கியிருக்கிறேன். கிழக்கிலிருந்து மேற்கே 5 அடி சரிவு. ஐந்து மூடு தென்னையும், மேற்கு ஓரத்தில் ஓர் அயனியும் (பலா இன மரம்) நிற்கின்றன. "ஜேசிபி விட்டு எல்லாத்தையும் மட்டமாக்கிருவோம், மூணே நாள்" என்கிறார் ஒப்பந்தக்காரர். சரிதானா?
– வாசகி, தக்கலை

பதில்: ஜேசிபிக்கு மூன்று நாள் போதும் அம்மா. அது கொட்டிய மண் இறுக, கணக்கு வேறு.

1998-ல் என் சொந்த மனையில் நானே இதைச் செய்தேன், இன்ஜினீயர் என்ற மிதப்பில். மூன்றடி செம்மண் அடித்து உயர்த்தினேன். அந்த ஐப்பசியில் என் முற்றத்துத் தண்ணீர் முழுக்கப் பக்கத்து வீட்டு அக்காவின் அடுக்களைக்குள் போய்விட்டது. அவர் சண்டைக்கு வரவில்லை. அடுப்பிலிருந்து எடுத்த ஈர விறகு நாலைக் கொண்டுவந்து என் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு மழையில் பார்க்காத மனைக்கு நான் பிளான் போட்டதில்லை.

குமரி மாவட்டத்தில் நமக்கு இடவப்பாதியும் (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. உங்கள் 12 சென்டில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே சுமார் 4,850 லிட்டர். நல்ல மழை பெய்யும்போது குடையோடு போய் அரைமணி நேரம் நில்லுங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது, யாருடைய விளைக்குள் இறங்குகிறது என்று ஒரு தாளில் அம்புக்குறி போடுங்கள். அதுதான் முதல் பிளான். மற்றதெல்லாம் அதன் மேல் வரைவது.

மழை விட்டதும் கொத்தனாரைக் கூப்பிட்டு டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்து சரிவை அளக்கச் சொல்லுங்கள். ஐந்தடி என்பது கண்மதிப்பு. பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். வீட்டை இரண்டு மட்டமாகப் பிரித்து, நடுவே நாலைந்து படி வைத்தால் பாதி மண்வேலை மிச்சம். கீழ்ப்பக்கம் கையாலையை, அதாவது மண்ணைத் தாங்கும் சுவரை, கருங்கல்லில் கட்டி, தண்ணீர் கசிய ஓட்டை விடுங்கள். ஓட்டை இல்லாத சுவர் முதுகில் தண்ணீரைச் சுமந்து ஒருநாள் சாயும். வாணம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போது மேல் அரையடி மண்ணைத் தனியே குவித்து வையுங்கள். அது உரமண், பிறகு காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

அயனியை வெட்டாதீர்கள். ஒக்கிப் புயலில், 2017 நவம்பர் 30 அன்று, ரப்பர் மரங்கள் சாய்ந்த சாய்வைப் பார்த்த பயம் எல்லோருக்கும் உண்டு, எனக்கும்தான். ஆனால் வேரை வெட்டி வாணம் தோண்டினால் நிற்கிற மரமும் சாயும். கொப்பு விரிந்த அளவுக்கு வெளியே தள்ளிக் கட்டுங்கள்.

கேள்வி: நாகர்கோவிலை ஒட்டி வயலை மண் கொட்டி நிரத்திப் போட்ட மனை மலிவாக வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், சுசீந்திரம்

பதில்: மலிவுக்குக் காரணம் தண்ணீருக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மதிலில் பழைய நீர்க்கோடு இருக்கிறதா பாருங்கள். 2021 நவம்பர் மழையில் எதுவரை ஏறியது என்று அங்கே மாடு மேய்ப்பவரைக் கேளுங்கள், புரோக்கரைக் கேட்காதீர்கள். மனை அங்கீகாரம் பெற்றதா, புல வரைபடத்தில் வாய்க்கால் ஏதும் குறுக்கே போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வாய்க்காலை மூடிவிட்டாலும் தண்ணீர் அந்த வழியை மறக்காது.

இன்னொன்று. ஒரு முழம் ஆழத்துக்குக் குழி தோண்டி, ஒருமுறை தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி மணி பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லையென்றால் கழிவுநீர் உறிஞ்சுகுழி அங்கே வேலை செய்யாது. நிரத்திய வயலில் பெரும்பாலும் இதுதான் கதை. கிணறு அருகே என்றால் எண்ணமே வேண்டாம்; உறிஞ்சுகுழிக்கும் கிணற்றுக்கும் நடுவே 60 அடியாவது நான் கேட்பேன்.

கேள்வி: கிழக்கு வாசல்தான் வேண்டும் என்கிறார் மாமியார். 'வெயில் படாத வடக்குச் சுவரில் ஜன்னலைத் திற' என்று எங்கோ படித்தேன். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, குளச்சல்

பதில்: மாமியாரோடு வம்பு வேண்டாம், கிழக்கு வாசலால் கெடுதல் ஒன்றும் இல்லை. படித்ததுதான் தப்பு. நாம் பூமத்திய ரேகைக்கு 8 டிகிரி வடக்கில் இருக்கிறோம். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவெயில் நமக்கு வடக்கே சாய்ந்துதான் விழும். வடக்குச் சுவருக்கும் சன்ஷேட் போடுங்கள். உங்களை வாட்டப்போவது மேற்குச் சுவர்: மாலை வெயிலும் அங்கே, இடவப்பாதிச் சாரலும் அங்கே. மாடிப்படி, குளியலறை, ஸ்டோர் ரூம் மூன்றையும் அந்தப் பக்கம் தள்ளிவிடுங்கள். கூரை விளிம்பை இரண்டரை அடியாவது நீட்டுங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒருநாள் போய், தாழ்ந்திறங்கும் ஓட்டுக்கூரைக்குக் கீழே மத்தியானம் நின்று பாருங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், திங்கட்கிழமை விடுமுறை.