தீபாவளி இனிப்பும் குளூட்டனும்: கடையில் எதைக் கேட்டு வாங்குவது?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. சீலியாக் நோய் என்று ஆறு மாதத்துக்கு முன் உறுதியானது. கோதுமை துளிகூடக் கூடாது என்கிறார் டாக்டர். தீபாவளிக்கு மற்ற பிள்ளைகள் தின்னும்போது இவள் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்தாலே மனசு கேட்கவில்லை. ஸ்வீட் ஸ்டாலில் எதை நம்பி வாங்கலாம்? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை அவளுக்கு வராது அம்மா. கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்தான் சீலியாக். நம் பலகாரங்களில் பல அரிசி, பருப்பு, பால், வெல்லம், எள் என்று கோதுமையின் வாசனையே இல்லாமல் பிறந்தவை.

முதலில் ஒதுக்க வேண்டியவை. பாதுஷா, ஜிலேபி, சந்திரகலா, சோமாஸ், போளி, குலாப் ஜாமூன் எல்லாவற்றிலும் மைதா. கேசரியில் ரவை, பாயசத்தில் சேமியா, இரண்டும் கோதுமைதான். திருநெல்வேலி அல்வாவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கண்ணாடி மாதிரி இருந்தாலும், ஊறவைத்த கோதுமையை அரைத்துப் பிழிந்த பாலில்தான் அதைக் கிண்டுகிறார்கள். முதலூர் மஸ்கோத் அல்வா தேங்காய்ப்பாலுக்குப் பேர் போனது, ஆனால் அதிலும் மைதா உண்டு. சோன்பப்டியில் கடலை மாவோடு மைதாவும் சேரும். ஹார்லிக்ஸ் மைசூர்பாக் என்று ஒன்று விற்கிறார்கள். ஹார்லிக்ஸே கோதுமையும் பார்லியும் சேர்ந்ததுதான். பார்லியிலும் குளூட்டன் உண்டு.

சேர்மானத்தைப் பார்த்தால் தைரியமாக வாங்கக்கூடியவை: பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலை மிட்டாய், முந்திரி கத்லி, எள்ளுருண்டை, தேங்காய் பர்பி. தூத்துக்குடி மக்ரூனில் முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு மட்டுமே. ஆனால் அது வேகும் பேக்கரியில் நாள் முழுக்க மைதா பறக்கும் என்பதால் சீலியாக் உள்ள குழந்தைக்கு நான் வாங்க மாட்டேன்.

லட்டு, மைசூர்பாக், ஜாங்கிரி மூன்றும்தான் நம்மை ஏமாற்றிவிடும். லட்டுக்கும் மைசூர்பாக்குக்கும் கடலை மாவு, ஜாங்கிரிக்கு உளுந்து, அப்புறம் என்ன பயம் என்று தோன்றும். என் அக்கா மகனுக்கும் இதே நோய். இரண்டு வருடத்துக்கு முன் அப்படி நம்பித்தான் ஒரு கடையில் லட்டு வாங்கிக் கொடுத்தோம். ராத்திரியெல்லாம் வயிற்றுவலியில் துடித்தான். மறுநாள் போய் விசாரித்தபோது, அவர்களுக்குக் கடலை மாவு அரைக்கும் மில்லிலேயே கோதுமையும் அரைக்கிறார்கள் என்று தெரிந்தது. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அன்றிலிருந்து நாங்கள் பெயரைப் பார்த்து எதையும் வாங்குவதில்லை.

கூட்டம் சேரும் முன்பே, ஒரு வாரம் முன்னதாகக் கடைக்குப் போங்கள். கல்லாவில் இருப்பவருக்கு விவரம் தெரியாது, சரக்கு மாஸ்டரையே கேளுங்கள். பாதுஷா பொரித்த அதே கடாயில்தான் ஜாங்கிரியும் பொரிகிறதா? கடலை மாவு எங்கே அரைத்து வருகிறது? பால்கோவா இறுகுவதற்கு மைதா ஏதாவது சேர்ப்பீர்களா? குழந்தைக்கு நோய் என்று சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் மனசறிந்து பதில் சொல்வார்கள். பதிலில் இழுவை தெரிந்தால் அந்தச் சரக்கை விட்டுவிடுங்கள். எல்லா வகையும் கலந்து அடுக்கிய பெட்டி வேண்டவே வேண்டாம், பாதுஷா உதிர்த்த தூள் கத்லியில் ஒட்டியிருக்கும்.

அதிரசத்தை மட்டும் வீட்டில் செய்யுங்கள். ஊறவைத்து உலர்த்திய பச்சரிசியை உங்கள் மிக்ஸியிலேயே அரையுங்கள், மில்லுக்கு அனுப்ப வேண்டாம். சப்பாத்தி மாவு சலிக்கும் சல்லடையைத் தொடாமல் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். கூடவே முறுக்கு சுட்டால் பெருங்காய டப்பாவையும் பாருங்கள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும்.

கேள்வி: ராகி பிஸ்கட், தினை குக்கீஸ் என்று போட்டிருந்தால் குளூட்டன் இல்லை என்று அர்த்தமா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: இல்லை. ராகியிலும் தினையிலும் குளூட்டன் கிடையாது என்பது சரிதான். ஆனால் ராகி பிஸ்கட் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோதான் முதலில் நிற்கும். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். எடை அதிகமானது முதலில் வரும்படிதான் சேர்மானங்களை அச்சிட வேண்டும். ஒவ்வாமைக் குறிப்பில் கோதுமை, பார்லி, ஓட்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘கோதுமை இல்லை’ என்பது போதாது, மால்ட் என்ற பெயரில் பார்லி உள்ளே வந்துவிடும். ‘குளூட்டன் இல்லாதது’ என்று போட வேண்டுமானால், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. சீலியாக் உள்ளவர்கள் பாக்கெட் பலகாரம் வாங்கினால் அந்த வாசகத்தோடு வருவதையே வாங்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்கும் அந்த நோய் இல்லையென்றால், கூடுதல் விலை கொடுத்து அந்தப் பாக்கெட்டை வாங்காதீர்கள். குளூட்டன் இல்லை என்பதால் சர்க்கரையும் நெய்யும் குறைந்துவிடாது. அந்த நோய் இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், நிறுத்திய பிறகு செய்தால் நோய் தெரியாமல் போகலாம்.

கேள்வி: ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்ட பர்பி சாப்பிட்டு என் மனைவிக்கு உடம்புக்கு முடியாமல் போனது. பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இனி புகார் செய்ய முடியுமா? (ஒரு வாசகர், கோவை)

பதில்: பில் இருந்தால் அதை வைத்துத் தொடங்கலாம். அதே கடையில் அதே பேட்ச் எண்ணில் இன்னொரு பாக்கெட் கிடைத்தால் வாங்கி, பிரிக்காமல் வையுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், டாக்டர் சீட்டின் நகலையும் இணையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பதிவு செய்து, அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.