கொத்து சப்பாத்தியும் பஸ்கா காலையும்

கேள்வி: யூதர்கள் பஸ்கா பண்டிகையில் காலை உணவாகச் சாப்பிடும் ‘மாட்ஸா ப்ரை’யை வீட்டில் செய்து பார்த்தேன். மாட்ஸா என்கிற புளிக்காத தட்டை ரொட்டி கிடைக்கவில்லை. மிச்சமிருந்த சப்பாத்தியைப் பிய்த்துப் போட்டு, முட்டை ஊற்றிக் கிளறினேன். கொத்து பரோட்டா மாதிரிதான் இருந்தது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?
(ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: கொத்து சப்பாத்தி செய்துவிட்டு, கொத்து பரோட்டா மாதிரி இருக்கிறதே என்றால் எப்படி? வேறு எப்படி இருக்கும்?

நீங்கள் விட்டது ஒரே ஒரு சாமான்தான். அந்தப் பண்டிகையே அதில்தான் இருக்கிறது. யூதர்களின் முன்னோர் எகிப்திலிருந்து அவசரமாகக் கிளம்பியபோது மாவு புளிக்க நேரமில்லை என்ற கதையை பைபிளின் யாத்திராகமத்தில் படித்திருப்பீர்கள். அதனால் மாட்ஸாவுக்கு மாவும் தண்ணீரும் மட்டும்தான். மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் பிசைந்து, தேய்த்து, சுட்டாக வேண்டும். நாமோ சப்பாத்தி மாவை மூடிவைத்து அரை மணி நேரம் ஊறவிடுகிறோம். போதாததற்கு, அது உப்பி வந்தால்தான் நமக்குத் திருப்தி. அங்கே உப்பிவிடக் கூடாதே என்றுதான் மேலெல்லாம் ஓட்டை போடுகிறார்கள்.

சரி, சாஸ்திரத்தை விடுங்கள், ருசிக்கு வருவோம். மாட்ஸா அப்பளம் போல நொறுங்கும். இரண்டு தகட்டை உடைத்து, வெந்நீரில் அரை நிமிடம் நனைத்து, பிழிந்து, அடித்த இரண்டு முட்டையில் போட்டால் முட்டையை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் வெண்ணெயில் போட்டால் ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுவில் மெத்தென்றும் வரும். சப்பாத்தியில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது. அது முட்டையைக் குடிக்காது, மேலே பூசிக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம்.

இதைக் கிளறுவதா, அடை மாதிரி முழுசாகத் திருப்பிப் போடுவதா, உப்பும் மிளகுமா, சர்க்கரையும் பட்டையுமா என்று அவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. கோழிக்கொழுப்பில் பொரிக்கிற பழைய வழக்கமும் இருக்கிறது. இறைச்சியோடு பால் சேரக் கூடாது என்பது அவர்கள் விதி, அதனால் அப்போது பாலோ வெண்ணெயோ கிட்டேயே வரக் கூடாது.

ஆர்ப்பாட்டம் என்கிறீர்கள். அந்த வாரம் ரொட்டி, பிஸ்கட், நூடுல்ஸ் எல்லாம் வீட்டைவிட்டே வெளியேறிவிடும். ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி வீடுகளில் பலரும் அரிசி, பருப்புகூடத் தொடுவதில்லை. (ஸ்பெயின் வழிவந்த செபார்டி யூதர்கள் பலர் அரிசி சாப்பிடுவார்கள்.) இட்லி, தோசை, பொங்கல் எதுவுமே கிடையாது என்றால் நம் வீட்டில் காலையில் என்ன நடக்கும்? அந்த இக்கட்டில் பிறந்த பலகாரம் இது. கடும் ஆசாரமுள்ள ஹசிதிக் யூதக் குடும்பங்கள் பலவற்றில் இதற்கும் வழியில்லை. சுட்ட மாட்ஸாவில் வேகாத மாவு துளி ஒட்டியிருந்து, தண்ணீர் பட்டுப் புளித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். இஸ்ரேலுக்கு வெளியே பண்டிகை 8 நாள். அந்தக் கடைசி நாளில் மட்டும்தான் அவர்கள் மாட்ஸாவை நனைக்கிறார்கள்.

உங்கள் அடுக்களையில் 18 நிமிடக் கணக்கெல்லாம் வேண்டாம். கோதுமை மாவை எண்ணெய், உப்பு இல்லாமல் பிசைந்த உடனே மெல்லிசாகத் தேய்த்து, முள்கரண்டியால் குத்தி, நல்ல சூடான ஓவனில் நொறுங்கும்வரை சுடுங்கள். ஓவன் இல்லையா? மசாலா போடாத காக்ரா (குஜராத்தி மொறுமொறு ரொட்டி) வாங்குங்கள். அசல் இல்லை, ஆனால் சப்பாத்தியைவிடப் பல மடங்கு பக்கம். வெங்காயம் வதக்கிப் போடலாம், பச்சை மிளகாயும் உங்கள் இஷ்டம். கை பழக்கத்தில் கடுகு மட்டும் தாளித்துவிடாதீர்கள். அஷ்கெனாசி வீடுகளில் அந்த வாரம் கடுகும் விலக்கு.