பள்ளி லெவிக்கு ஓட்டு கேட்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

வாஷிங்டன் மாநிலத்தில் பள்ளி மாவட்டங்கள் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) உள்ளூர் சொத்து வரியில் தமக்கென்று ஒரு தொகை வாங்க, மக்களிடம் ஓட்டு கேட்டாக வேண்டும். அதுதான் லெவி. அன்றாடச் செலவுக்கான லெவி அதிகபட்சம் 4 ஆண்டு ஓடும். அப்புறம் திரும்பவும் வாசலுக்கு வர வேண்டியதுதான். சியாட்டிலுக்குக் கிழக்கே மூன்று முறை அப்படிக் கதவு தட்டியவள் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்தன. அடைப்புக்குறிக்குள் இருப்பது கேட்டவரின் ஊர்.

அக்கா, பள்ளிக்குப் பணம் தருவது மாநிலத்தின் வேலைதானே? நம்மிடம் ஏன் கேட்கிறார்கள்? (போத்தெல்)

நியாயமான கேள்வி. பிள்ளைகளின் கல்விதான் தலையாய கடமை என்று மாநில அரசியல் சாசனமே சொல்கிறது. 1975இல் சியாட்டிலில் லெவி இரண்டு முறை தோற்றது. விஷயம் நீதிமன்றம் போய், அடிப்படைக் கல்விக்கு மாநிலம்தான் பணம் தர வேண்டும் என்று 1978இல் தீர்ப்பானது. 2012இல் மெக்லியரி வழக்கிலும் அதே கதை. வில்லங்கம் எல்லாம் அந்த ‘அடிப்படை’ என்ற சொல்லில்தான். ஒரு சராசரி தொடக்கப் பள்ளிக்கு மாநிலக் கணக்குப்படி நர்ஸுக்கென்று வரும் பணம், ஒரு முழுநேர நர்ஸுக்குக்கூடப் போதாது. மீதி நாள் பிள்ளைக்கு ஆஸ்துமா வந்தால் யார் பார்ப்பது? அந்த இடைவெளியை அடைப்பது லெவி. விளையாட்டு, நாடகம், சிறப்புக் கல்வியில் விழும் துண்டு எல்லாமே இதில்தான் ஓடுகின்றன.

வீட்டு மதிப்பு ஏறிக்கொண்டே போகிறதே, பள்ளிக்கு அதிகப் பணம் தானாகவே போகாதா? (சமாமிஷ்)

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. நாம் ஓட்டுப் போடுவது விகிதத்துக்கு அல்ல, தொகைக்கு. இந்த ஆண்டு இத்தனை டாலர் என்று வாக்குச்சீட்டிலேயே அச்சிட்டிருக்கும். அந்தத் தொகையை ஊரில் உள்ள எல்லாச் சொத்துக்கும் பங்கு போடுகிறார்கள். எல்லா வீடும் ஒரே அளவு ஏறினால் விகிதம் இறங்கும், உங்கள் பங்கு அப்படியே நிற்கும். உதாரணத்துக்கு, ஆயிரம் டாலர் மதிப்புக்கு 1 டாலர் விகிதம் என்றால் 10 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 1,000 டாலர். இதற்கு மேல் மாநிலம் ஓர் உச்சவரம்பும் வைத்திருக்கிறது.

ஆனால் ஒன்று. ‘புதுப்பிப்புதான், வரி ஒரு காசும் ஏறாது’ என்று வாசலில் நின்று சொல்லாதீர்கள். பழைய லெவி முடிகிற இடத்தில் புதியது வருகிறது என்பது உண்மை. தொகை கூடியிருக்கலாம். வாக்குச்சீட்டைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஒருமுறை நானே இப்படி உளறப்போய், ஒரு தாத்தா உள்ளே போய் வரி பில்லை எடுத்துவந்து கணக்குப் போட்டுக் காட்டினார்.

நான் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். வீடு வாங்கி வரியும் கட்டுகிறேன். ஓட்டுப் போடலாமா? (ரெட்மண்ட்)

கூடாது. கிரீன் கார்டு இருந்தாலும் கூடாது. டிரைவிங் லைசன்ஸ் எடுக்கும்போது வாக்காளராகப் பதிகிறீர்களா என்று கேட்பார்கள், பழக்கதோஷத்தில் தலையாட்டிவிடாதீர்கள். பின்னாளில் குடியுரிமைக்கே அது வினையாகும். சம்பளம் வாங்காமல் கூடவந்து கதவு தட்டலாம், போன் போடலாம். குடியுரிமை வாங்கிய நண்பருக்குத் தேர்தல் தேதியை நினைவுபடுத்தலாம். பிரச்சாரத்துக்குப் பணம் கொடுக்க மட்டும் விதிகள் உண்டு, விசாரிக்காமல் கொடுக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பாட்டி, ‘என் பிள்ளைகள் படித்து முடித்து முப்பது வருஷம் ஆச்சு’ என்கிறார். என்ன சொல்வது? (பெல்வியூ)

முதலில் அவர் பேசி முடிக்கட்டும். 61 வயதோ அதற்கு மேலோ ஆகி, சொந்த வீட்டில் வசித்து, வருமானம் வரம்புக்குள் இருந்தால் இந்த லெவியில் அவருக்கு விலக்கு உண்டு. கவுண்டியின் (மாநிலத்துக்கு அடுத்த உள்ளாட்சி) சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பலருக்கு இது தெரியாது. அந்தப் படிவத்தை நிரப்ப உதவுங்கள். ஓட்டு யாருக்கு என்பது அவர் பாடு.

எத்தனை சதவீதம் வேண்டும்? தோற்றால்? (இஸ்ஸக்வா)

பாதிக்கு ஒரு ஓட்டு மேல் வந்தால் போதும். முன்பு 60 சதவீதம் வேண்டியிருந்தது. 2007இல் அரசியல் சாசனத்தைத் திருத்தி இறக்கினார்கள். கட்டடத்துக்குக் கடன் வாங்கும் பாண்ட் மட்டும் இன்னும் 60தான். ஒரே ஆண்டில் இரண்டு முறைதான் கேட்கலாம். பிப்ரவரியில் தோற்றால் ஏப்ரல். அதிலும் தோற்றால் ஆட்குறைப்புப் பட்டியல் வரும்.

பள்ளி முதல்வரே ‘ஆதரியுங்கள்’ என்று மெயில் அனுப்பலாமா? (போத்தெல்)

பள்ளிக் கணக்கிலிருந்து கூடாது, சட்டம் தடுக்கிறது. விவரம் சொல்லலாம். பிரச்சாரம் எல்லாம் தனியாக இயங்கும் குடிமக்கள் குழுவின் வேலை.

நம் ஆட்கள் ஏன் ஓட்டே போடுவதில்லை அக்கா? (சமாமிஷ்)

எதிர்ப்பு ஒன்றும் இல்லை, மறதிதான். இங்கே வாக்குச்சீட்டு தபாலில் வருகிறது. தேர்தலுக்கு 18 நாள் முன்பே அனுப்பிவிடுவார்கள். பிப்ரவரியில் ஐந்தரைக்கே இருட்டு, தூறல் வேறு. கதவைத் திறந்தால் சமையலறை மேடையில் காஸ்ட்கோ கடைக் கூப்பனுக்கு அடியில் அந்த உறை பிரிக்காமல் கிடக்கும். நான் உள்ளே போவதே அதைத் தேடி எடுக்கத்தான். தபால்தலை வேண்டாம். கடைசி நாளில் தபால் பெட்டியை நம்பாதீர்கள், முத்திரை மறுநாள் விழுந்தால் போச்சு. தெருமுனை ஓட்டுப்பெட்டியில் இரவு 8 மணிக்குள் போட்டுவிடுங்கள்.

உறைமேல் கையெழுத்தும் முக்கியம். பதிவில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பதிவில் ஆங்கிலத்தில் போட்டுவிட்டு உறையில் ஆசையாகத் தமிழில் போட்டவர் என் வீட்டுக்காரர். சரிசெய்யச் சொல்லி கவுண்டியிலிருந்து கடிதம் வந்தது. அதுவும் அந்தக் கூப்பன் குவியலுக்குள்தான் போயிருந்தது.